புயல் கடற்கரையோடு நிற்பதில்லை!

(விரிஞ்சிபுரத்தில் தோல் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"புயல் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வருவது. நமக்கும் கடலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் தரை கிடக்கிறது. சுற்றிலும் மலை நிற்கிறது. நமக்கென்ன பயம்?" டீக்கடையிலும் களத்துமேட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை, பாதி ஆபத்து.

உண்மை எது? புயலுக்குத் தீனி சூடான கடல்நீர். தரை ஏறியதும் தீனி நின்றுபோகிறது. காற்றின் வேகம் தணிகிறது. ஆபத்து எது? காற்று தணிந்தாலும் அது சுமந்து வந்த ஈரம் தீர்வதில்லை. அந்த ஈரக் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மழையாகக் கொட்டுகிறது. கடற்கரையில் காற்று கொல்கிறது என்றால், நம் பக்கத்தில் வெள்ளம் கொல்கிறது, நனைந்த சுவர் கொல்கிறது, சரிந்த மண் கொல்கிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடற்கரையே இல்லாத கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. முழங்கால் ஆழத் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கியது! டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகள்மேல் விழுந்து, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர்.

நம் வேலூர் ஜில்லாவில் நடந்தது என்ன? 2021 நவம்பர் 19 விடியற்காலை சென்னை அருகே கரை கடந்தது புயல்கூட அல்ல. வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அன்று காலையே பேரணாம்பட்டில் வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். மணல் மட்டுமே தெரிந்த பாலாறு கரைபுரண்டது.

இது புதிதுமல்ல. 1903 நவம்பரில் மேலே மைசூர் ராஜ்யத்து ஏரிகள் உடைந்து, பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்தது. சுமார் 200 பேர் செத்தார்கள். மழையை வானம் பெய்தது. ஆனால் கரையைக் கவனிக்க வேண்டியவன் மனிதன்தானே?

செத்தவர்கள் யார்? மழைக்குத் தாங்காத சுவருக்கும், வேறு இடம் இல்லாமல் ஏறிய மலைச்சரிவுக்கும் கீழே படுத்திருந்தவர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் பலியானார்கள். அன்று புயலே இல்லை. புயல் வந்தால் இப்படிப்பட்ட சுவர்களின் கதி என்ன?

ஆகவே நாம் கேட்கிறோம்: ஐப்பசிக்கு முன்பே ஏரிக்கரைகளைப் பலப்படுத்து! மதகுகளையும் வரத்துக் கால்வாய்களையும் சீர்செய்! இடியும் நிலையிலுள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, மாற்று வீடு கொடு! தொழிற்சாலைச் சுவர்களையும் கழிவுத் தொட்டிகளையும் பரிசோதி! 2005 ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இந்த ஏற்பாடுகளுக்கு ஜில்லா அளவில் தலைமை தாங்க வேண்டியவர் கலெக்டர். செத்த பிறகு 4 லட்ச ரூபாய் நிவாரணம் கொடுக்க விதி இருக்கிறது. சுவர் நிற்கும்போதே செலவு செய்தால் ஆளும் பிழைப்பான் அல்லவா?

நாமும் கைகட்டி இருக்கலாகாது. தெருவுக்கு ஒரு கமிட்டி அமைப்போம். கிழவர்கள், கர்ப்பிணிகள், நடக்கமுடியாதவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதி வைப்போம். எந்தப் பள்ளிக்கூடம் திறக்கப்படும், சாவி யாரிடம் என்று இன்றே கேட்டு வைப்போம். ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்போம். எச்சரிக்கை வந்த இரவு மண்சுவர் ஓரம் யாரும் படுக்கவேண்டாம். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் கால் வைக்கவேண்டாம். ஒரு நாள் கூலி போனால் போராடி வாங்கலாம், உயிர் போனால் வாங்கமுடியாது. ஆபத்தென்றால் ஜில்லா அவசர எண் 1077 க்குச் சொல்லுங்கள்.

புயலைத் தடுக்க நம்மால் முடியாது. சாவைத் தடுக்க முடியும். மகஜர் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், கலெக்டர் ஆபீசுக்குச் சேர்ந்து போவோம், வாருங்கள்!