ஒரு வரி தள்ளிப்போன பட்டியல்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் உள்ளன. ஆனால் கண்ணில் ஒரு தொகுதியும் கல்லீரலில் வேறொரு தொகுதியும் செயல்படுகின்றன. ஒரு மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதை, அது உருவாக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு அறியலாம். இதுவே மரபணு வெளிப்பாடு.

நுரையீரல் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே அறுவைச் சிகிச்சையால் அகற்றினாலும் சிலருக்கு அது திரும்ப வருகிறது. யாருக்கு வரும் என்று முன்பே தெரிந்தால் அவர்களுக்கு மட்டும் கீமோதெரபி கொடுக்கலாம். மற்றவர்களை அதன் பக்கவிளைவுகளிலிருந்து காக்கலாம்.

கட்டியின் மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு இதைக் கணிக்க முடியும் என்று 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று அறிவித்தது. எந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்றும் கணிக்கலாம் என அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில் கூறியது. அதை நம்பி, நோயாளிகளைச் சேர்த்து மருத்துவ ஆய்வுகளும் தொடங்கின.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் ஆகிய இருவர் மருந்துக் கட்டுரையின் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்தனர். விடை ஒத்துவரவில்லை. மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் கண்ணனின் மதிப்பெண் கலாவுக்குப் போய்விடுமே, அதைப் போல. மருந்துக்குக் கட்டுப்படும் செல்கள், கட்டுப்படாத செல்கள் என்ற குறிப்புகளும் சில இடங்களில் மாறியிருந்தன.

2009இல் இதை அவர்கள் விரிவாக வெளியிட்டனர். 2010இல் மருத்துவ ஆய்வுகள் கைவிடப்பட்டன. 2011இல் இரு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. பிழை மட்டுமல்ல, பொய்த் தரவுகளும் இருந்தன என்று 2015இல் அமெரிக்க அரசின் விசாரணை முடிவு வந்தது.

இதனால் அந்தத் துறையே பொய் என்று ஆகிவிடாது. பி.டி.-எல்1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு வெளிப்படுகிறது என்பதைச் சோதித்து, அதையும் கருத்தில் கொண்டே இன்று பல நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை முடிவு செய்யப்படுகிறது. பலர் மீண்டும் மீண்டும் சரிபார்த்ததால் கிடைத்த நம்பிக்கை அது.

நம் வகுப்பில் என்ன செய்யலாம்? தொடக்கப் பள்ளியில் ஒரே மேசையின் நீளத்தை இரண்டு குழந்தைகள் தனித்தனியே அளக்கட்டும். உயர்நிலை வகுப்பில் ஒரு குழுவின் அளவீடுகளை மறு குழு வாங்கி, கணக்கை மறுபடி போடட்டும். செய்முறை ஏட்டில், எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக உண்மை அளவை அழித்து எழுத விடாதீர்கள். வித்தியாசம் வந்தால் திட்டாமல், "எங்கே மாறியது, பார்ப்போமா?" என்று கேளுங்கள்.

அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் நம்பி நோயாளிகள் காத்திருந்தார்கள். சரிபார்க்கும் பழக்கம் நம் வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும்.