அழைக்கும் பெயரும் ஏட்டுப் பெயரும்



குழந்தைக்குப் பெயர் சூட்டுவது பெற்றோரின் உரிமை. அதில் மொழியியலார் கட்டளையிட இடமில்லை. எண்ணிப் பார்க்கச் சில செய்திகளைச் சொல்லலாம், அவ்வளவே.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் சில, இன்று குழந்தைக்கு இரு பெயர்கள் வைக்கின்றன. முன்னே, பள்ளியிலும் பணியிடத்திலும் அழைப்பதற்கு ஓர் ஆங்கிலப் பெயர். நடுவே, தாத்தா பாட்டியின் மனநிறைவுக்காக ஒரு தமிழ்ப்பெயர். இந்த நடுப்பெயர் நம் மரபுக்குப் புதியது. பழந்தமிழ் வழக்கில் இரு பெயர்கள் இணைந்தால், முன்னது தந்தையுடையது, பின்னது பிள்ளையுடையது. கொற்றன் மகன் கொற்றனைக் 'கொற்றங்கொற்றன்' என்றனர். இத்தகைய புணர்ச்சிக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் விதியே உண்டு. இன்றைய தலைப்பெழுத்தும் அம்முறையையே ஒத்தது. ஒருவருக்குரிய பெயர் எதுவோ, அதுவே அவரை அழைக்கும் பெயராகவும் இருந்தது. ஏட்டுக்கு ஒன்று, நாவுக்கு ஒன்று என்ற பிரிவினை அதில் இல்லை.

தமிழ்ப்பெயர் என்றால் பிறமொழித் தொடர்பே அற்ற பெயர் என்று நான் வாதிடவில்லை. இலட்சுமணன் கம்பரிடம் இலக்குவன் ஆனான். விபீடணன் வீடணன் ஆனான். தமிழ்க் கத்தோலிக்கர் யோசேப்பைச் சூசை என்றும், யோவானைப் பொருள் நோக்கி அருளப்பர் என்றும் வழங்கினர். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் உமறு என்றே தமிழில் நிலைத்தது. வந்த பெயர்களை நம் நாவுக்கு இணக்கிக்கொண்டோம். இன்றோ நாவைப் பெயருக்கு இணக்க முயல்கிறோம். 'க்ஷ்' என்று தொடங்கி 'ஷ்' என்று முடியும் பெயரைச் சொந்தப் பாட்டியே அழைக்க இயலாமல் தவிக்கிறார்.

உரோமன் எழுத்தையும் கருத வேண்டும். அதில் குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் மறைகிறது. ல, ள ஆகிய இரண்டும் ஒன்றாகின்றன. பாண்டியர்க்குரிய மாறன் என்னும் பெயர் மற்றவர் வாயில் 'மரன்' ஆகிவிடுகிறது. மரன் என்றால் மரம்!

இது வெறும் சுவை பற்றிய பேச்சன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியருள் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம், தமிழ் 27.9 விழுக்காடு. வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்கு, நாள்தோறும் காதில் விழும் ஒரே தமிழ்ச்சொல் அதன் பெயராகவே இருக்கக்கூடும். அச்சொல்லையும் நடுவில் வைத்துவிட்டால், அது பிறப்புச் சான்றிதழிலும் கடப்பிதழிலும் உறங்கும். எவர் நாவிலும் வாழாது.

ஆகவே, பதிவு செய்யுமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். பெயரைப் பாட்டி அழைக்கட்டும். அண்டை வீட்டுச் சீனரோ மலாய்க்காரரோ அழைக்கட்டும். பின்னர் தமிழில் எழுதிப் பாருங்கள். நிலா, கவின், இனியன், மலர் போன்ற பெயர்கள் இம்மூன்றிலும் எளிதில் தேறும். அத்தகைய பெயரை முன்னே வையுங்கள். வேறொரு பெயரும் வேண்டுமெனில், அது நடுவில் இருக்கட்டும்.