வீட்டில் தைத்த நாவல்கள்



மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022-இல் திரைக்கு வந்தபோது, சில வீடுகளில் பரண் மேலிருந்து கனத்த புத்தகங்கள் கீழே இறங்கின. முதுகில் காலிகோத் துணி, அட்டையில் மையால் தலைப்பு எழுதி ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம். “நந்தினின்னா இவதான்” என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டியது ஓவியர் மணியம் வரைந்த நந்தினியை. ‘கல்கி’ இதழில் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாராவாரம் வந்த கதை அது. அதை வாராவாரம் கிழித்து... கிழித்து என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். பிரித்தெடுத்து, அடுக்கி, தைத்து வைத்த புத்தகம். பைண்டு புத்தகம் என்பார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பார்க்க எளிது, செய்வது அப்படியல்ல. இதழை நடுவில் விரித்து, பின்னின் இரண்டு கால்களையும் கத்தி முனையால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவ வேண்டும். வாரப் பத்திரிகையின் தாள் மடித்த தாள். ஒரு பாதியில் உங்கள் தொடர் இருக்கும், மறுபாதியில் வேறு ஏதாவது இருக்கும். ஆகவே மடிப்பில் அறுத்துத்தான் எடுக்க முடியும். எடுத்தால் கையில் மிஞ்சுவது உதிரித் தாள்கள். உதிரித் தாளை மடிப்பில் தைக்க முடியாது; ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டுப் பக்கவாட்டில்தான் தைக்க வேண்டும். அந்தத் தையல் உள் ஓரத்தை விழுங்கிவிடும். பழைய பைண்டு புத்தகங்கள் மேசையில் விரித்து வைத்தால் நிற்காமல் மூடிக்கொள்வதும், வரியின் கடைசிச் சொல்லைப் படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான். பசை, மைதாவைக் காய்ச்சித் துளி மயில்துத்தம் போட்டது. பூச்சி அரிக்காமலிருக்க அந்தத் துத்தம். அப்படியும் இராமபாணம் துளைத்துப் போயிருந்தால், வசம்பு வைக்க மறந்த ஆண்டு அது என்று பாட்டி கணக்குச் சொல்வார்.

பெரும்பாலும் சேர்த்தது பாட்டி, பைண்டரிடம் கொண்டுபோனது தாத்தா. பெயர் எழுதிய தாளில் மட்டும் தாத்தாவின் கையெழுத்து இருக்கும்! இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தத் தாள் உள்ளே போகும், எது வெளியே நிற்கும் என்ற முடிவெல்லாம் பாட்டியுடையது. ஒரே இதழில் இரண்டு தொடர்கள் ஓடும். ஒன்றின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் மற்றொன்றின் முதல் பக்கம் அச்சாகியிருக்கும். அந்தத் தாள் யாருக்கு? நாத்தனாரும் மருமகளும் ஆளுக்கொரு தொடர் சேர்த்த வீடுகளில் இது சாதாரண வழக்கில்லை. விட்டுக்கொடுத்தவர், போன பக்கத்தைக் கையால் எழுதிச் சேர்ப்பார். அச்சுப் பக்கங்களுக்கு நடுவே கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் ஓர் அத்தியாயம் வருமானால், அங்கே நிறுத்திக் கேளுங்கள். இதழ் வராத வாரமா, பிரசவத்துக்குப் போன வாரமா, இரவல் கொடுத்து வராமல் போனதா? பதில் அந்தத் தாளில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது.

ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டு பைண்டிங் நாவலைக் காப்பாற்றியது, பத்திரிகையைக் கொன்றது. அட்டைப்படம், தலையங்கம், வாசகர் கடிதம் எல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் போயின. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா வேறு வகை மனிதர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கியது. அதை வைத்து 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஆய்வாளருக்கு வேண்டியது அந்த வகைச் சேகரம். பாட்டிக்குக் கதையில் வரும் வந்தியத்தேவன் போதும், வரி விதிப்பு பற்றிய தலையங்கம் வேண்டாம்.

ஆனாலும் தாளுக்கு இரண்டு பக்கம் உண்டே. அவர் வேண்டாம் என்று தள்ளியதும் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அரை நகைச்சுவைத் துணுக்கு, தலையில்லாத சிறுகதை, தலைவலித் தைல விளம்பரம், கூந்தல் தைலத்துப் பெண். கடையில் இன்று வாங்கும் ‘பொன்னியின் செல்வ’னில் இதெல்லாம் கிடைக்காது. 1999-இல் அதை எழுதிய கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் நிறைய வந்தன, நல்லதுதான். பலவற்றில் படமே கிடையாது. பைண்டு புத்தகத்தில் படமே வயதைச் சொல்லிவிடும். மணியத்தின் கோடு என்றால் முதல் ஓட்டம். பத்மவாசன் படம் என்றால் ‘கல்கி’ பிற்காலத்தில் மறுபடி வெளியிட்டபோது சேர்த்தது.

எனக்குப் பைண்டு புத்தகங்களில் மிகப் பிடித்தது ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ‘ஆனந்த விகட’னில் எழுதியது, படங்கள் கோபுலு. 1968-இல் சிவாஜியும் பத்மினியும் நடித்துப் படம் வந்த பிறகு, நமக்கெல்லாம் சிக்கல் சண்முகசுந்தரம் என்றால் சிவாஜி முகம்தான். தொடராகவே படித்தவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு முகம் இருந்தது. எது சரியான மோகனா என்று ஒரு தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். மாலைக் காப்பி ஆறிப்போகும் வரை பேசுவார். சாண்டில்யன் தொடருக்கு ஓவியர் லதா வரைந்த படங்களைப் பற்றிக் கேட்டால், பாட்டி அங்கே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பேசுவார்.

கண் மங்கிய தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் புத்தகங்களை நீங்களே வாசித்துக் காட்டலாம். வேகமாகப் போகாதீர்கள். “தொடரும்” என்ற இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த அத்தியாயத்துக்கு அவர்கள் ஏழு நாள் காத்திருந்தவர்கள். அந்த ஏழு நாளில் குழாயடியிலும் திண்ணையிலும் யார் என்ன ஊகம் சொன்னார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பேச்சு எந்தப் பதிப்பிலும் அச்சானதில்லை.

புத்தகம் நைந்திருந்தால் மறுபடி பைண்டு செய்யத் தோன்றும். செய்யுங்கள், ஆனால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தோடு உரியும். பைண்டரிடம் ஓரம் வெட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். இயந்திரத்தில் வைத்து மூன்று பக்கமும் வெட்டிச் சமமாக்கித் தருவது அவர்கள் வழக்கம். ஓரத்தில் பென்சிலால் குறித்த தேதியும், இரவல் வாங்கியவர் பெயரும், பால் கணக்கும் அந்த வெட்டில் போய்விடும். கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் பாட்டியை உட்காரவைத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரு முறை புரட்டுங்கள், பின்பக்கங்களையும் சேர்த்து. செல்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம், முதலில் அவரிடம் சொல்லிவிட்டு.