ஊரைக் கேட்டுக் கற்கும் பொறியியல்

(பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





விழாக் குழுவினர் என்னை அணுகி, “சாமி, பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்” என்று கேட்டுக் கொண்டார்கள். நம் பங்கில் கல்வி என்றாலே இன்று பெரும்பாலான வீடுகளில் இஞ்சினீயரிங் படிப்பு என்றுதான் பொருள். பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளே பெற்றோர் என்னிடம் வந்துவிடுகிறார்கள். “எந்தப் பிரிவில் சேர்த்தால் வேலை கிடைக்கும் சாமி?” என்று கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் வாங்கியும் படிக்க வைப்பவர்கள் இப்படிக் கேட்பது முற்றிலும் நியாயமே. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. நம் பிள்ளை கற்கிற இந்தத் தொழில் அறிவு யாருடைய தேவைக்காகப் பயன்படப் போகிறது? அந்தத் தேவையை யாரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளப் போகிறான்? இன்றைய என் பேச்சு இதைப் பற்றியதே.

முதலில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஏழு நாள் சேவை முகாமுக்காக எங்கள் கிளைக் கிராமத்திற்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். தெருவைக் கூட்டினார்கள், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், சாலையோரத்தில் நூறு மரக்கன்றுகள் நட்டார்கள். கடைசி நாளில் கூட்டம் போட்டு, படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அடுத்த மாதம் நான் பூசைக்குப் போனபோது ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆடுகள் மேய்ந்துவிட்டன. அங்கே ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: “செடி நட்ட பிள்ளைங்க, இங்கே ஆடு எத்தனை இருக்குன்னு ஒரு வார்த்தை எங்களைக் கேட்கலையே சாமி!”

அந்தப் பாட்டி சொன்னதைவிடச் சிறந்த பொறியியல் பாடத்தை நான் கேட்டதில்லை. அந்த மாணவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. உழைப்புக்கும் குறைவில்லை. கேட்கவில்லை என்பதுதான் குறை. திரும்பி வந்து பார்க்கவில்லை என்பது இரண்டாவது குறை.

இனி, கேட்டதனால் என்ன விளைந்தது என்பதற்கு இரண்டு உண்மை வரலாறுகளைச் சொல்கிறேன். ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது.

நம் ஊர்களில் இன்றும் காணும் அடிபம்பை எல்லாரும் அறிவீர்கள். 1966, 67-ம் ஆண்டுகளில் பீகாரில் கடும் வறட்சி ஏற்பட்டது. பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு போட ‘யுனிசெப்’ நிறுவனம் துளையிடும் எந்திரங்களைக் கொண்டுவந்து உதவியது. தண்ணீர் கிடைத்தது. ஆனால் கிணற்றின் மேல் பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள், மேல்நாட்டில் ஒரு வீட்டார் மட்டும் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவற்றின் சாயலில் அமைந்தவை. இங்கோ ஒரு பம்பைச் சுற்றி ஊரே குடத்தோடு நின்றது. விடியற்காலை முதல் இரவு வரை ஓயாமல் அடித்தார்கள். பம்புகள் உடைந்தன. 1974-ம் ஆண்டு கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால் பங்கு பம்புகள் வேலை செய்யாமல் கிடந்தன.

இதற்குத் தீர்வு ஆராய்ச்சிக் கூடத்தில் பிறக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிணறு அமைக்கும் தொண்டில் ஈடுபட்டிருந்தவர்களின் சிறு பட்டறைகளில்தான் முதல் வழி கிடைத்தது. உடைந்த பம்பைத் தினமும் கழற்றிப் பார்த்தவர்கள் அவர்கள். எஃகினால் உடல், ஒரே அச்சில் ஆடும் கைப்பிடி, அதிலிருந்து தொங்கும் சங்கிலி என்று அவர்கள் அமைத்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு அரசும் யுனிசெப்பும் பொறியாளர்களும் சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ பம்பை உருவாக்கினார்கள். அதைச் சோதித்த இடம் எது தெரியுமா? நம் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்கள். நீர்மட்டம் ஆழம், அடிப்பவர்கள் ஏராளம். அங்கே தாங்கினால் எங்கும் தாங்கும் என்று கருதினார்கள். 1979-ல் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் கிடைத்தது. யாரும் அதற்குக் காப்புரிமை கொண்டாடவில்லை. யார் வேண்டுமானாலும் தரத்தோடு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். 1990-களின் நடுப்பகுதிக்குள் சுமார் 50 லட்சம் பம்புகள் உலகெங்கும் சென்றுவிட்டன.

கதை அத்தோடு முடியவில்லை. மார்க் 2 பம்பின் அடியில் உள்ள வாஷரை மாற்ற வேண்டுமானால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் பல ஆட்களும் தேவை. அவர்கள் வரும்வரை பெண்கள் வெகுதூரம் நடக்க வேண்டும். ஆகவே பொறியாளர்கள் மீண்டும் கோவைப் பகுதிக்கே வந்து, குழாயைத் தூக்காமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும்படி ‘மார்க் 3’ பம்பை வகுத்தார்கள். ஊர்க்காரர்களே, பெண்களும்கூட, பழுது பார்க்கக் கூடியதாக அது அமைந்தது. பம்பு அடிப்பவரை மட்டுமன்றி, பழுது பார்ப்பவரையும் நினைத்துச் செய்த பொறியியல் இது.

இரண்டாவது வரலாறு கர்நாடகத்தைச் சேர்ந்தது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் நம் நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்று. அங்கே மின்வேதியியல் அறிஞராக விளங்கியவர் அமுல்ய குமார் ரெட்டி. நாட்டின் பெரும்பான்மை மக்கள் வாழும் கிராமங்களுக்கு நம் அறிவியல் என்ன செய்தது என்ற கேள்வி அவரை வாட்டியது. 1974-ல் சக பேராசிரியர்கள் சிலரோடு சேர்ந்து ‘அஸ்த்ரா’ என்ற பிரிவைத் தொடங்கினார். துமகூரு மாவட்டத்தில் உங்ரா என்ற கிராமத்தில் ஒரு நிலையம் அமைத்தார்கள். எடுத்த எடுப்பில் எந்திரம் எதையும் கொண்டுபோகவில்லை. அடுப்பில் எவ்வளவு விறகு எரிகிறது, தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று வீடு வீடாகச் சென்று அளந்தார்கள். கிராமத்தின் எரிசக்தியில் மிகப் பெரும் பங்கு விறகு என்றும், மனித உழைப்பில் பாதிக்கு மேல் பெண்களுடையது என்றும் தெரிய வந்தது. தாய்மார்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அதை அளந்து எழுதிய பிறகுதான் கொள்கை வகுப்பவர்கள் காதில் அது விழுந்தது.

அந்தப் பகுதியில் பூரா என்று ஒரு சிற்றூர். அங்கே ஊர்ப் பொதுவில் சாண எரிவாயு நிலையம் அமைத்தார்கள். விறகுச் சுமையைக் குறைக்க எல்லா வீட்டுக்கும் சமையல் வாயு தருவது திட்டம். நல்ல எண்ணம்தான், ஆனால் வெற்றி பெறவில்லை. எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதிய சாணம் இல்லை. மேலும் ஊரார் முதலில் வேண்டியது குடிதண்ணீர். இவ்வளவு அளந்த அறிஞர்களும் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கத் தவறியிருந்தார்கள். அவர்களுடைய பெருமை என்னவென்றால், திட்டம் தோற்றது என்று எழுதிவிட்டு ஊரை விட்டுப் போய்விடவில்லை. அதே வாயுவைக் கொண்டு எந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றித் தெருக்குழாயில் விட்டார்கள், வீடுகளுக்கு விளக்கேற்றினார்கள். 1987-ல் இப்படி மாற்றியமைத்த பின் ஊரார் தாங்களாகவே சாணம் கொண்டுவந்து கொட்டினார்கள். சாணத்துக்குச் சிறு தொகை கிடைத்தது. கரைசல் எருவாகத் திரும்பி வந்தது. நிலையத்தை உள்ளூர் இளைஞர்களே நடத்தினார்கள். பல ஆண்டுகள் ஓடிய பிறகு அந்த நிலையமும் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்பதையும் ரெட்டி அவர்கள் மறைக்காமல் ஆராய்ந்து எழுதினார். 2006-ல் அவர் காலமானார்.

இவ்விரு வரலாறுகளும் நமக்கு மூன்று காரியங்களைக் கற்பிக்கின்றன. முதலாவது, பயன்படுத்துகிறவரைக் கேட்க வேண்டும். இரண்டாவது, முதல் முயற்சி தவறினாலும் திரும்பிப் போக வேண்டும். மூன்றாவது, கண்டறிந்ததை, தோல்வி உள்பட, எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டும்.

“கல்லூரியில் இதற்கெல்லாம் இடம் உண்டா?” என்று மாணவர்கள் கேட்கலாம். இடம் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நிற்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 2014-ல், உயர்கல்வி நிலையங்களைக் கிராமங்களோடு இணைக்கும் ‘உன்னத் பாரத் அபியான்’ வந்தது. இவை நல்ல திட்டங்களே. ஆனால் சேவை ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்போது, பாட்டியின் மரக்கன்று கதைதான் நடக்கிறது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-ல் வேறு விதமாகத் தொடங்கியது. மாணவர் குழு ஒன்று ஒரு தொண்டு நிறுவனத்தின் தேவையைப் பாடமாகவே எடுத்துக் கொள்ளும். அதற்கு மதிப்பெண் உண்டு. மூத்தவர்கள் படிப்பை முடித்துப் போனாலும், இளையவர்கள் அதே வேலையைத் தொடர்வார்கள். செய்த கருவி பழுதானால் கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கும்.

“இதனால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பீர்கள். கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர இயலாது. ஒன்று மட்டும் சொல்வேன். புத்தகத்தில் உள்ள கணக்கைப் போட இப்போது கணினியே போதும். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று மனிதரிடம் கேட்டு அறிவதற்குத்தான் ஆள் வேண்டும். பூராவில் தோற்றுத் திருந்திய பொறியாளர்கள் கற்றது அந்தத் திறமையைத்தான்.

கடைசியாக, நாட்டின் ஆராய்ச்சிக் கொள்கையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இது பெரிய மனிதர்கள் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. 2023-ல் ‘அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை’ சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் ஆராய்ச்சிக்குச் செலவிடத் திட்டம். அதில் 36,000 கோடி அரசு அல்லாத பிறரிடமிருந்து, பெரும்பாலும் தொழில் துறையிடமிருந்து, வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தொழில் துறை பணம் தருவது நல்லதே. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மிகவும் குறைவு. 2020-21-ல் நாட்டு மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான். ஆயினும், பணம் கொடுப்பவர் தமக்கு வேண்டிய கேள்வியைத்தானே கேட்பார்? குடத்தோடு நிற்கும் தாய் எந்த ஆராய்ச்சிக்கும் பணம் கட்ட முடியாது. அவளுக்காகக் கேள்வி கேட்க வேண்டியது பொதுப் பணம்தான். அந்தப் பொதுப் பணம் தீப்பெட்டி வாங்குகிற ஏழையிடமிருந்தும் வசூலானது.

அடிப்படை அறிவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் எதுவும் வளராது. நான் கேட்பது சிறிய காரியம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது, கருவியைச் செய்வதற்கு மட்டுமல்லாமல், மூன்றாம் ஆண்டில் அந்த ஊருக்குத் திரும்பிப் போய் அது ஓடுகிறதா என்று பார்ப்பதற்கும் ஒதுக்க வேண்டும். ஒரு பேராசிரியரின் பதவி உயர்வுக்கு அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுகிறவர்கள், அவர் சரிசெய்த பம்பையும் எண்ண வேண்டும்.

அன்பு மாணவர்களே, இறுதியாண்டில் எல்லாரும் ஒரு ‘புராஜெக்ட்’ செய்ய வேண்டும். அதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் சில இடங்களில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வருந்துகிறேன். நம் பங்கிலேயே எத்தனை கேள்விகள் காத்திருக்கின்றன! கிளைக் கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் குடிநீர்த் தொட்டி, மழைக்காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் தேங்கும் நீர், தீப்பெட்டி ஒட்டியும் பீடி சுற்றியும் முதுகு வளைந்த நம் தாய்மார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். முதல் மாதம் எதையும் செய்ய வேண்டாம், கேட்டு எழுதுங்கள். பங்கு இல்லத்தின் அறை ஒன்றை உங்களுக்காக ஒதுக்கித் தருகிறேன். பெற்றோர்களே, கல்லூரியில் சேர்க்கும் நாளில் கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் கேட்பதோடு, “என் பிள்ளை எந்த ஊருக்குப் போய் எதைக் கற்பான்?” என்றும் கேளுங்கள். நாம் கேட்டால்தான் கல்லூரிகள் யோசிக்கும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஆலயத்திற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று பொறியாளர்கள். தாத்தா பாட்டிமாரில் சிலர் இன்னும் நம்மிடையே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய் உட்காருங்கள். முதல் கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள்.