அரிசி மூட்டையோடு நின்றுவிட்ட அன்பு

(வட்டாரக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பே ஆன்மிகம் என்ற தலைப்பில் பேசுங்கள் என்று ஏற்பாட்டுக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். தோட்டத்தில் பிறந்து, பால்மரக் காட்டில் அம்மாவுக்கு வாளி தூக்கி, 17 வயதில் லாரி கிளீனராகப் போய், அப்புறம் 30 ஆண்டுகள் லாரி ஓட்டியவன். எனக்குத் தேவாரம் திருவாசகம் பாடத் தெரியாது. தெரிந்த ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அந்தக் கதையில் தப்பு செய்தவன் நான்தான். ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் ஒரு தங்கச்சி இருக்கிறார். துப்புரவு வேலை செய்கிறவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே பையன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நானும் என் மனைவியும் அந்த வீட்டுக்கு 10 கிலோ அரிசி, எண்ணெய், முறுக்கு எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்போம். கொடுத்துவிட்டு வந்த ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். தருமம் செய்தோம், சாமி பார்த்துக்கொள்வார் என்ற திருப்தி. இப்படி 9 தீபாவளி போனது. 9 மூட்டை அரிசி. ஒரு தடவைகூட, "தம்பி எந்தப் பள்ளியில் படிக்கிறான்?" என்று நான் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவன் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. குடிமகன் என்று சொல்லும் பத்திரம் இல்லை, பிறகு அடையாள அட்டையும் இல்லை. அம்மா பயந்துகொண்டு வீட்டிலேயே வைத்திருந்தார். 13 வயதில் கார் கழுவும் கடையில் சேர்ந்துவிட்டான்.

ஒருநாள் ராத்திரி 10 மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அந்தத் தங்கச்சி நிற்கிறார். ரோட்டில் போலீஸ் சோதனை நடப்பதைப் பார்த்துப் பையன் ஓடியிருக்கிறான், சாக்கடையில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகப்பில் அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். பையன் பிறந்தது இங்கே. அவன் அம்மா பிறந்தது இங்கே. பாட்டி ஆயுள் முழுக்க மரம் வெட்டியது இந்த மண்ணில். வெளிநாட்டவர்! பணத்தைக் கட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தத் தங்கச்சி மெதுவாகச் சொன்னார்: "விடுங்கண்ணே, எங்க தலையெழுத்து."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஏனென்றால் அதை நானும் எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவன் குடித்துக் கெட்டான், தலையெழுத்து. அந்தப் பிள்ளை படிக்கவில்லை, தலையெழுத்து. நாம் எழுந்து போகாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான நாற்காலி வேறு கிடையாது.

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கம் பல வருஷமாகக் கிடந்தது. யாரோ ஒரு சன்மார்க்க அன்பர் கொடுத்தது. படிக்காமலே சூடம் காட்டிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் எடுத்துப் படித்தேன். பாருங்கள், அவர் இந்தத் தலையெழுத்து விஷயத்தையே எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். ஒருவன் முன்வினையால் பசித்துக் கிடக்கிறான், அது கடவுள் விதித்தது, நாம் போய்ச் சோறு போட்டால் கடவுள் கட்டளையை மீறியது ஆகாதா என்று கேட்பவர்களுக்குப் பதில். பெருங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் ஆள் வைத்துச் சாப்பாடு கொடுக்கிறானே, அப்படியிருக்க வினையைக் காரணம் காட்டி ஒதுங்குவது எப்படிச் சரியாகும் என்கிற முறையில் அவர் விளக்குகிறார். 150 ஆண்டுகளுக்கு முன்பே நம் சாக்குப்போக்கை அவர் அறிந்து வைத்திருக்கிறார்!

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1866-இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளையும் பஞ்சம் தாக்கியது. மறு ஆண்டே, 1867 மே மாதம், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பந்தியில் சாதி, சமயம் எதுவும் கேட்காமல் எல்லாரையும் உட்கார வைத்தார் என்பதைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அந்தக் காலத்தில் அப்படிப் பந்தி போடுவது ஊரையே எதிர்த்து நிற்பதற்குச் சமம். அவருடைய அன்பு சோற்றையும் போட்டது, ஊர் வழக்கத்தையும் கேள்வி கேட்டது. நாம் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நான் அன்னதானத்தைக் குறை சொல்லவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு, பேச்சு அப்புறம்தான். அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு நாம் எங்கே போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

சரி, பையனின் பத்திரத்துக்கு வருவோம். இதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லி, தாலி கட்டி, 500 பேருக்கு விருந்து வைத்துவிட்டால் கல்யாணம் முடிந்தது என்று நினைக்கிறோம். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல் நம்மைப் போன்ற முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். பதிவு இல்லையென்றால் தகப்பனார் குடிமகனாக இருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. தாயின் நிலைதான் பிள்ளையின் நிலை. அந்தத் தாயிடமும் பத்திரம் இல்லையென்றால்?

அந்தத் தங்கச்சி லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. தோட்டத்தில் இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கிராணிக்குத் தெரியும், மண்டோருக்குத் தெரியும், இவள் இன்னாருடைய மகள் என்று. தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்தபோது சனங்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். அவர் யார் என்று சொல்லக்கூடிய வாய்களும் சிதறிப்போயின. இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தோட்டம் போனபோது நமக்கு வீடு மட்டும் போகவில்லை, சாட்சியும் போய்விட்டது.

கை கட்டுப் பிரித்த மறுவாரம் அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் ஒரு மலாய் அம்மா. எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அவனுக்கு அப்போது 16 வயது. பிறகு என் பக்கம் திரும்பி, "பாக்சிக், இத்தனை வருஷம் ஏன் யாரும் கூட்டி வரவில்லை?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 9 மூட்டை அரிசி கொடுத்தேன் என்றா சொல்வது?

சில பேர் நினைக்கிறார்கள், அன்பு என்றால் மென்மையாக இருப்பது, உரிமை கேட்பது என்றால் கடுமையாக இருப்பது, இரண்டும் வேறு வேறு என்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். தொழிலாளர்கள் கேட்டது என்ன? சம்பளம் கேட்டார்கள், அது உண்மை. அதோடு என்னென்ன கேட்டார்கள் என்று பாருங்கள். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். சரியான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூடுங்கள். உற்றார் உறவினர் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போக விடுங்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் வேண்டாம்.

இது என்ன பட்டியல்? மனைவிமேல் வைத்த அன்பு, பிள்ளைமேல் வைத்த அன்பு, ஊரிலிருந்து வரும் தங்கையைப் பார்க்கும் ஆசை, தன்மேல் தனக்கே இருக்க வேண்டிய மரியாதை. 1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். இராணுவத்தை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தத் தொழிலாளர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அன்பு வைத்தவர்களுக்காகக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்திலும் உண்டு. 2008 பிப்ரவரி 16-ஆம் தேதி, விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களை விடுவிக்கக் கோரி, ரோஜாப்பூவோடு நாடாளுமன்றத்துக்குப் போகலாம் என்று நம் சனங்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும்தான் எதிரே வந்தன. அவர்களை உள்ளே வைத்த அந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. பூவை ஏந்தி வந்த கையும் உரிமை கேட்ட கையும் ஒரே கைதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. அன்று ராத்திரி அந்தப் பையனைச் சாக்கடையிலிருந்து தூக்கி, மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டவர் யார் தெரியுமா? அவனோடு கார் கழுவும் ஒரு வங்காளதேசத் தொழிலாளி. அவருடைய பெர்மிட்டும் முடிந்துவிட்டதாம். கீழே போலீஸ் நிற்கும்போது அவரும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நம்மில் எத்தனை பேர் இவர்களை வாய்க்கு வந்தபடி பேசுகிறோம்! நம் தாத்தா பாட்டி குடியிருந்த அதே மாதிரி வரிசை வீட்டில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும் இருக்கிறார்கள். நம் தாத்தாவைத் துரை எப்படி அழைத்தானோ அந்தத் தொனியில் நாம் இவர்களை அழைக்கலாமா? நானும் அழைத்தவன்தான். கப்பலேறி வந்தவனின் பேரன் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு அழைத்தவன்தான்.

அவசரமான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைச் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களும் பிள்ளைக்குக் குடியுரிமை தர முடியும் என்பது அதில் உள்ள நல்ல செய்தி, பல தாய்மார்கள் போராடிப் பெற்றது. ஆனால் அதே திருத்தம், பிள்ளைகளுக்காக மனுச் செய்யும் வயது வரம்பை 21-லிருந்து 18-க்குக் குறைக்கிறது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்து வந்த குடியுரிமையையும் எடுத்துவிடுகிறது. சிவப்பு அட்டையோடு 60, 70 வருஷம் வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆகவே "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால் நின்று பேர் கேளுங்கள்.

பெற்றோரில் சிலர் பத்திரம் இல்லாததை மானப் பிரச்சினையாக நினைத்து மறைப்பார்கள். முதல் நாளே தாளைக் கேட்காதீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அவர்களே பெட்டியைத் திறப்பார்கள். பழைய தடுப்பூசிப் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கல்யாணப் படம் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தங்கச்சிக்காக நாங்கள் பழைய தோட்டத்து ஆள்களைத் தேடி அலைந்தோம். அவர் அம்மாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டிய ஒரு பாட்டியைக் கண்டுபிடிக்க 4 மாதம் ஆயிற்று. பாட்டி அவரைக் கண்டதும் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடி, உங்க அம்மா மூஞ்சிதான்டி உனக்கு" என்று அழுதுவிட்டார். சத்தியப் பிரமாணத்தில் கைநாட்டு வைத்தார்.

மனுக் கொடுத்திருக்கிறோம். காத்துக்கொண்டிருக்கிறோம். பையன் ராத்திரியில் என் வீட்டுக்கு வந்து என் பேத்தியோடு உட்கார்ந்து தமிழும் மலாயும் எழுதப் படிக்கிறான். அவள் அவனுக்கு டீச்சராம், தப்பு விட்டால் குட்டுகிறாள்.

வரும் செவ்வாய்க்கிழமை இன்னொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மா, இரண்டு பிள்ளைகள். காலை 6.30 மணிக்கு அடுக்குமாடி வாசலில் வேன் கிளம்பும். மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் தேவை. வேனில் இரண்டு இடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நான் பின்னால் தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.