பிள்ளை யாரிடம்?

தஞ்சாவூரில் குடும்பம் நடத்திய இருவர் பிரிகிறார்கள். அம்மா பிள்ளையோடு மன்னார்குடியில் உள்ள பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார்; பிள்ளை அங்கேயே பள்ளிக்கூடம் போகிறது. பிள்ளையைக் கேட்டு அப்பா எங்கே மனுப் போடவேண்டும்? தஞ்சாவூரில் அல்ல. பிள்ளை வழக்கமாக வசிக்கிற ஊருக்கு உரிய நீதிமன்றத்தில். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இந்த விதிதான் பிரம்மஞான சபைத் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாருக்குக் கைகொடுத்தது. பின்னாளில் தத்துவஞானியாகப் பேர் பெற்ற ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தகப்பனார் நாராயணய்யா, தாயில்லாத தம் பிள்ளைகள் இருவரை 1910-இல் அம்மையார் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறிச் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தகப்பனார் பக்கம் சி.பி. ராமசாமி ஐயர், அம்மையாரோ தாமே வாதாடினார். துணிச்சல்காரர்தான்! 1913-இல் தகப்பனார் ஜெயித்தார். மறு வருஷமே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது. பையன்கள் அப்போது இருந்தது இங்கிலாந்தில். செங்கல்பட்டுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் சுட்டியது.

இன்றைக்கு, 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம். மற்றபடி பிள்ளையின் நலனே பெரிது. அப்பாவுக்கு நாலு வேலி நஞ்சை இருப்பதாலேயே தீர்ப்பு அவர் பக்கம் சாயாது. விவரம் தெரிந்த பிள்ளையை நீதிபதி தம் அறைக்கு அழைத்து, என்ன வகுப்பு, யார் சிநேகிதன் என்று பேச்சுக் கொடுப்பதும் உண்டு. உத்தரவும் பட்டா மாதிரி நிலையானதல்ல. சூழ்நிலை மாறினால் மறுபடி மனுப் போடலாம். பொங்கலுக்கு யார் வீடு, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.