ராத்திரித் தூக்கமும் மருந்துச் சீட்டும்

(எங்கள் கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ மாமி" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. தபால் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஆறு வருஷமாக முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிட்டு வருகிறேன். ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. நாள்பட்ட வியாதிக்காரர்கள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் சொல்லாமல் வந்துவிடுகிறோம். அது ராத்திரித் தூக்கம். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தூக்கம் வரவில்லை என்றால் நம் அகங்களில் என்ன சொல்கிறோம்? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்." "பிள்ளை வெளியூரில் இருக்கான், கவலை." "வியாதின்னா தூக்கம் எங்கே வரும்?" இவை எல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. வியாதிக்காகச் சாப்பிடும் மாத்திரையே தூக்கத்தைக் கெடுக்கலாம். பல சமயம் மாத்திரையை மாற்றக்கூட வேண்டியதில்லை, சாப்பிடும் நேரத்தை மாற்றினால் போதும். அதைச் சொல்ல டாக்டரால்தான் முடியும். டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டுமானால் நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

என் விஷயத்தையே சொல்கிறேன். முதல் வருஷம் விரல் கணுக்கள் வீங்கி, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மற்ற மருந்துகளோடு பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதித் தந்தார்கள். சீட்டில் 1-0-1 என்று இருந்தது. காலை ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று என்று நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கூடவே தூக்கமும் போயிற்று. பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை கண் மூடாது. உடம்பு களைத்திருக்கும், மனசு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அகாலத்தில் பசிக்கும். பாறசாலைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், விடிவதற்கு வெகுநேரம் முன்பே ரப்பர் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார்கள். அந்த வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்த ராத்திரிகள் பல.

அடுத்த முறை போனபோது டாக்டர் வலியைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "அம்மே, உறக்கம் உண்டோ?" என்றார். இல்லை என்றேன். சீட்டை வாங்கிப் பார்த்து, இரண்டு மாத்திரையையும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிடும்படி மாற்றி எழுதினார். 1-0-1 என்பது 2-0-0 ஆயிற்று. அவ்வளவுதான். பத்து நாளில் நாலு மணி நேரம், பிறகு ஐந்து மணி நேரம் என்று தூக்கம் திரும்பியது.

காரணத்தையும் அவரே விளக்கினார். நம் சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது நடு ராத்திரியில் மிகக் குறைவாக இருக்கும். விடியற்காலையில் ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் வேளையில் உச்சத்துக்கு வரும். உடம்பை எழுப்பிவிடும் பொருள்களில் அதுவும் ஒன்று. பிரெட்னிசொலோன் அதன் வேலையைச் செய்யும் மருந்து. ராத்திரி அதைச் சாப்பிட்டால் படுக்கப் போகும் உடம்பிடம் "விடிந்துவிட்டது" என்று சொன்னதுபோல் ஆகிறது. காலையில் சாப்பிட்டால் இயற்கையின் போக்கோடு ஒத்துப்போகிறது. சில வியாதிகளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் தர வேண்டியிருக்கும். அப்போதும் இரண்டாவது வேளையைச் சற்று முன்னால் தள்ள முடியுமா என்று கேட்கலாம்.

இந்த மருந்தைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950-ல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன், 2020-ல் கோவிட் நோய் முற்றி ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காக்கும் என்று நிரூபணமாயிற்று. நல்ல மருந்துதான். அதற்கு ஒரு குணம் உண்டு, அதை அறிந்து நடந்துகொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டு மட்டுமல்ல. எங்கள் அகத்து மாமாவுக்கு இருதயக் கோளாறு. கால் வீக்கத்துக்கு லாசிக்ஸ் என்னும் நீர் மாத்திரை இரண்டு வேளை. அதற்கும் 1-0-1 என்று எழுதியிருந்ததால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவார். அது சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை செய்யும். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார். அதைத் தூக்கமின்மை என்று யாரும் நினைக்கவில்லை, மூத்திர உபாதை என்றே நினைத்தோம். டாக்டர் இரண்டாவது மாத்திரையைச் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே சாப்பிடச் சொன்னார். இப்போது ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார்.

ஆஸ்த்மாவுக்குத் தரும் டெரிஃபிலினில் தியோஃபிலின் இருக்கிறது. காபியில் உள்ள காஃபீனுக்கு அது நெருங்கிய சொந்தம். ரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் தரும் ப்ரோப்ரனலால், மெட்டோப்ரலால் போன்றவை சிலருக்குத் தூக்கத்தைக் கலைத்துக் கெட்ட கனவுகளைத் தரும். மூச்சிரைப்புக்கும் மூக்கடைப்புக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் சிலருக்குத் தூக்கக் கோளாறும் மனச் சஞ்சலமும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-ல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. தைராய்டு மாத்திரை அளவு கூடினாலும் தூக்கம் போகும். இவற்றைச் சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. தூக்கம் கெட்டிருந்தால் இந்தச் சந்தேகத்தையும் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேட்க வேண்டும். மாத்திரையால்தான் தூக்கம் போயிற்று என்று தெரிந்தவுடன் நாமே அதை நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு சில வாரங்கள் தொடர்ந்து வந்தால் நம் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்குக் கார்ட்டிசால் எங்கிருந்து கிடைக்கும்? எங்கள் பக்கத்தில் ஒரு மாமா அப்படி நிறுத்தினார். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினார் என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு சோர்வு, வாந்தி, தலைசுற்றல். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கி ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பகவான் கிருபையால் பிழைத்தார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர்தான் குறைக்க வேண்டும். இருதயத்துக்குச் சாப்பிடும் ப்ரோப்ரனலால் வகை மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் மாரடைப்பும் வரலாம். ஏகாதசி, பிரதோஷம் என்று உபவாசம் இருப்பவர்களும் விரதத்தைக் காரணம் காட்டி மாத்திரையை விடக் கூடாது. ஸ்டீராய்டை வெறும் வயிற்றிலும் சாப்பிடக் கூடாது. முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூக்க மாத்திரை. "ஒரு அல்பிரஸோலாம் போட்டுண்டு படுங்கோ" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2014 முதல் அது எச்-1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவு செய்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். காரணம் இல்லாமலா இவ்வளவு கட்டுப்பாடு? வயதானவர்களுக்கு அது தள்ளாட்டத்தையும் புத்தி மயக்கத்தையும் தரும். யோசித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு நாளடைவில் எலும்பைப் பலவீனமாக்குகிறது. அதனால் கெட்ட தூக்கத்துக்குத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறோம். நடு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, மயக்கத்தில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது. ஒரு மருந்தின் விளைவை இன்னொரு மருந்தால் மறைக்கப் போய் மூன்றாவது உபத்திரவத்தை வரவழைத்துக்கொள்கிறோம். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. டாக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் அது வேறு விஷயம். குறட்டையும் பகல் தூக்கமும் அதிகமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டால் எடை கூடியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் வியாதி வரக்கூடும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரியில் தூக்கக் கோளாறுகளைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது.

எங்கள் எல்லைப் பிரதேசத்துக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டார்களே தவிர, நாங்கள் களியக்காவிளையைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். முட்டிவலிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர், சர்க்கரைக்கு நெய்யாற்றின்கரையில் ஒருவர், இருதயத்துக்குத் திருவனந்தபுரம். மருந்துக் கவரில் ஒரு பக்கத்தில் மலையாளம், இன்னொரு பக்கத்தில் தமிழ். மலையாளம் சரளமாகப் பேசும் பெரியவர்களில் அதைப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. எல்லா மாத்திரையும் ஒன்றாகச் சேரும் இடம் நம் அகத்து டப்பாதான்.

அதனால் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தபாலில் வேலை பார்த்தவளுக்குத் தேதியும் நேரமும் போடாமல் எதுவும் நகராது அல்லவா? ஒரு பக்கத்தில் எல்லா டாக்டர்களும் கொடுத்த எல்லா மருந்தும், அவற்றைச் சாப்பிடும் மணியும். ஆயுர்வேதக் கஷாயம், இருமல் சிரப் உட்பட. எதிர்ப்பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு, படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், எத்தனை தடவை விழிப்பு, எழுந்த நேரம், கடைசிக் காபி எப்போது. எந்த டாக்டரிடம் போனாலும் அதை மேஜைமேல் வைத்துவிடுவேன். "சரியாத் தூக்கமே இல்லை டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்து மூன்று மணிக்குத்தான் தூங்குகிறேன்" என்று சொன்னால் அவருக்கும் சுலபம்.

மாத்திரை நேரம் மாறிய பிறகும் மிச்சம் இருக்கும் விழிப்புக்கு நான் கடைப்பிடிப்பவை இவை. எவ்வளவு நேரம் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். எழுந்ததும் முற்றத்து வெளிச்சத்தில் சற்று நேரம் நடை. மத்தியானத்துக்கு மேல் காபி கிடையாது. காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால் சாயங்காலக் காபி ராத்திரிக்கும் தங்கும். படுத்து இருபது நிமிஷம் போல் தூக்கம் வரவில்லையானால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்வேன், கண் சொக்கினால் மறுபடி படுப்பேன். கடிகாரத்தைத் தலைமாட்டிலிருந்து எடுத்தாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் தூக்கமின்மைக்கு முதலில் இப்படிப்பட்ட பழக்கங்களைத்தான் கற்றுக்கொடுக்கிறார்களாம். இத்தனைக்குப் பிறகும் சில ராத்திரிகள் விழிப்பாகத்தான் போகின்றன. ஆனால் ஏன் விழித்திருக்கிறேன் என்று தெரிகிறது. அந்தப் பயம் போனதே பாதி நிம்மதி.

படுக்கையில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதே என்று கேட்கலாம். இந்தியாவில் முதன்முதலாகக் கேரளம் 2008-ல் பாலியேட்டிவ் கேர் கொள்கையைக் கொண்டுவந்தது. பஞ்சாயத்து மூலமாக நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். அவர் வரும்போது வலியை மட்டும் சொல்லாமல் தூக்கத்தையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, மும்பையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தினமும் போனில் "சாப்பிட்டாச்சாம்மா? மருந்து சாப்பிட்டாச்சாப்பா?" என்று கேட்கிறீர்கள், மெத்த சந்தோஷம். இனிமேல் "எந்த மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்? ராத்திரி தூங்கினாயா?" என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்று மெலடோனின் பாட்டிலை வாங்கி அனுப்புவதற்கு முன், அப்பா சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துக்கொள்ளுமா என்று அவருடைய டாக்டரைக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதனால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் அந்த மருந்து டப்பாவோடு உட்காருங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில், அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த பாஷையில், பெரிய எழுத்தில், நேரம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.